கோவை எவ்வளவு பெரிதாக வேண்டும்?

ஊர் பெருத்தால் வருமானமும் பெருகும் என்பது நகரங்களை ஆய்கிறவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் கருத்து. லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நகரத்தின் மக்கள்தொகை இரட்டிப்பானால் தலைக்கு விழும் வருமானம் பத்து, பதினைந்து விழுக்காடு கூடுகிறது. கோவைக்குக் கேட்க இனிப்பான கணக்கு இது. 2011 கணக்கெடுப்பில் புறநகரோடு சேர்த்து 21 லட்சத்தைத் தாண்டிவிட்டோம். அதே ஆண்டில் மாநகராட்சி எல்லை சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து 250 வரை விரிந்தது. இன்னும் விரித்தால் வளர்ச்சி தானே வந்து சேரும் என்ற நம்பிக்கை அதிகாரிகளிடம் மட்டுமல்ல, மனை வாங்குகிற நம் எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது.

ஆனால் கோவையின் கணபதிப் பகுதியின் கதை வேறு வரிசையில் நடந்தது. இங்கே தொழில் முந்தியது. ஊர் அதன் பின்னால் வந்தது.

1931-ல் கோயமுத்தூரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் விதைகள் எல்லாம் அதற்குள் விழுந்திருந்தன. 1888-ல் ஸ்டேன்ஸ் மில், 1910-ல் லட்சுமி மில், 1926-ல் பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் தொழிற்பயிற்சிப் பள்ளி. கரிசல் காட்டில் பருத்தி விளைந்தது. மழை குறைந்த கொங்குச் சீமையில் வெள்ளாமை முழுக்கக் கிணற்றை நம்பியிருந்தது. நீர்மட்டமோ கவலை ஓட்டி இறைத்து மாளாத ஆழத்தில். 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் இரண்டு தேவைகளும் ஒரே கம்பியில் இணைந்தன. மில்கள் பெருகின, கிணற்று மேட்டுக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பாலசுந்தரம் நாயுடு பின்னர் நடத்திய டெக்ஸ்டூல் ஆலை கணபதியில் நூற்பு இயந்திரங்களைச் செய்தது. சத்தி ரோட்டில் அந்தப் பெயர் இன்றும் பஸ் நிறுத்தமாக வாழ்கிறது.

அதற்கு முன்பு மில் இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கப்பலும் நின்றபோது, தேய்ந்த பாகத்தை உள்ளூர்ப் பட்டறையிலேயே கடைந்து எடுத்தாக வேண்டிய கட்டாயம். பெரிய ஆலையில் கை பழகியவர் வெளியே வந்து ஒரு லேத் போட்டார். அவரிடம் பழகியவர் அடுத்த சந்தில் இன்னொன்று போட்டார். கணபதி தொழில் ஊரானது இப்படித்தான். 1951-ல் நகரத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆனது. வேலை இருந்ததால் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு பம்ப்செட் உருவாகும் வழியைப் பார்த்தால் இதன் சூட்சுமம் புரியும். ஒருவர் மரத்தில் பேட்டர்ன் செதுக்குகிறார். அதை வைத்து ஃபவுண்டரியில் மண்ணச்சு எடுத்து இரும்பை ஊற்றுகிறார்கள். வார்ப்பு லேத்துக்குப் போகிறது, பிறகு ட்ரில்லிங்குக்கு. காயில் சுற்றுவது வேறொரு வீட்டில், பெரும்பாலும் பெண்களின் கையில். பேலன்சிங், பெயிண்ட், பேக்கிங் எல்லாம் தனித்தனி ஆட்கள். பொருளுக்குச் சொந்தக்காரரிடம் ஒரு மெஷின்கூட இல்லாமல் இருக்கலாம். அளவு பிசகினால் வார்ப்பை டி.வி.எஸ். வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு திரும்பப் போகிறார். “சாயந்தரம் வந்து வாங்கிக்குங்க” என்கிறார் பட்டறைக்காரர். அந்தச் சாயந்தரத்தில்தான் கோவையின் போட்டித்திறன் இருக்கிறது. இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் அது நாளை மறுநாள் ஆகிவிடும்.

ஜேன் ஜேக்கப்ஸ் 1969-ல் எழுதிய நகரப் பொருளாதார நூலில் மான்செஸ்டரையும் பர்மிங்காமையும் அருகருகே வைத்துப் பார்த்தார். மான்செஸ்டர் ஒரே தொழிலில், பிரம்மாண்ட மில்களோடு, உலகமே வியக்கும்படி நின்றது. பஞ்சுத் தொழில் சரிந்ததும் ஊரும் சரிந்தது. பர்மிங்காமில் சின்னச் சின்னப் பட்டறைகள், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்துகொண்டு, பார்ப்பதற்கு ஒழுங்கே இல்லாமல் இருந்தன. ஆனால் புதுத் தொழில்கள் அங்கேதான் பிறந்துகொண்டே இருந்தன. நம்மைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம்மைக் காப்பாற்றியது நம்மிடமிருந்த பர்மிங்காம். நலிந்த மில்கள் 1974-ல் தேசிய பஞ்சாலைக் கழகத்திடம் போயின. 2020 மார்ச் ஊரடங்கில் மூடிய அந்த மில்களின் தொழிலாளர் பட்ட பாடு ஊரறிந்தது. மில்களோடு நகரமும் முடங்கியிருக்க வேண்டும். பம்ப், வெட் கிரைண்டர், வாகன உதிரிபாகம் என்று பட்டறைகள் கைமாற்றிக்கொண்டதால் முடங்கவில்லை.

இந்த நெருக்கத்துக்கு விலையும் உண்டு. ஃபவுண்டரிப் புகையும் இரவு நேர இரைச்சலும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கத்தைக் கெடுப்பது உண்மை. நெருக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆறு காட்டியது: 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளில் ஒரு நகரமே திகைத்து நின்றது. ஆகவே உருக்கு உலைகள் வெளியே போகட்டும். கள்ளப்பாளையம், மோப்பிரிபாளையம் தொழிற்பூங்காக்கள் வளர்ந்த நிறுவனங்களுக்கு நல்லவை.

ஒற்றை லேத் வைத்திருப்பவரின் நிலை அப்படியல்ல. பூங்காவில் மனை வாங்க அவரிடம் முதல் கிடையாது. வாங்கினாலும் பேட்டர்ன்காரரும் காயில் சுற்றுகிறவரும் கூட வரப்போவதில்லை. 2022 மின்கட்டண உயர்வில் நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் அவரைத்தான் முதலில் தாக்கின. இப்போது வாடகையும் அவரைத் துரத்துகிறது. சரவணம்பட்டியில் ஐ.டி. நிறுவனங்கள் வந்தபின் சத்தி ரோட்டோரத்தில் பட்டறை ஷெட்டைவிட அடுக்குமாடிக்கே மதிப்பு. இடத்துக்காரரைக் குறை சொல்ல முடியாது.

1994-க்குப் பிறகு நகருக்கு அடுத்த பெருந்திட்டம் 2024-ல்தான் வரைவாக வெளிவந்தது. 1,500 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரியும் திட்டம். இவ்வளவு பெரிய வரைபடத்தில் கணபதியின் சந்துகளுக்கு என்ன நிறம் தீட்டப்படுகிறது என்பதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும். முழுக்கக் குடியிருப்பு என்று தீட்டினால், இருக்கிற பட்டறைக்கு உரிமம் புதுப்பிப்பதே போராட்டமாகும். புகையில்லாத சிறு இயந்திர வேலைக்கு வீடுகளோடு கலந்த வகைப்பாடு வேண்டும். அரசு நிலம் கிடைக்கும் இடத்தில், ஊருக்குள்ளேயே, லேத்தின் பாரத்தைத் தாங்கும் தளங்களோடு அடுக்குத் தொழிற்கூடம் கட்டி, சொந்த மனை கேட்காமல் மாத வாடகைக்கு விட வேண்டும். சிங்கப்பூர் தன் சிறுதொழில்களை அடுக்குத் தொழிற்கூடங்களில் ஏற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் ஊரில் அதற்கு முதல் இடம் சத்தி ரோட்டில், கணபதிக்குள் ஒதுக்கப்பட வேண்டும்.