குசினி தந்த பாடம்

மாணாக்கர் எழுதும் கட்டுரைகளிற் ‘குசினி’ என்ற சொல்லைக் காணும்போதெல்லாம் சிவப்பு மையினாற் கோடிட்டு, அதன் தலைமேல் ‘அடுக்களை’ என்று எழுதுவது முப்பது ஆண்டுகளாக என் வழக்கம். ‘வாங்கு’ வந்தால் ‘விசுப்பலகை’. ‘யன்னல்’ வந்தால் ‘சாளரம்’. ‘அலுமாரி’க்குத் தக்க தமிழ்ச்சொல் விரைவில் அகப்படாவிடின் வெறுங்கோடு. இவ்வாறு யான் செலவிட்ட மையையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்திருந்தால் எங்கள் ஹெந்தளைக் கால்வாயின் நீர் சிறிது நிறம் மாறியிருக்கும். அந்த மையைப் பற்றி இப்பொழுது எனக்கு ஐயம் பிறந்திருக்கிறது. ஐயம் பிறந்த வரலாற்றையும், அதனால் யான் எய்திய முடிபையும் ஆசிரியப் பெருமக்கள் முன்னே வைக்க விரும்புகின்றேன்.

என்னிடம் முன்னர்த் தமிழ் கற்ற பெண்ணொருத்தி சென்ற ஆண்டு மணம் முடித்தாள். கணவர் பாரிசு நகரில் வாழ்பவர். அவரிடம் போய்ச் சேர்வதற்காக அவள் பிரெஞ்சு மொழி கற்கத் தொடங்கினாள். அது பொழுதுபோக்கிற்கான கல்வியன்று. 2024ஆம் ஆண்டு சனவரியிற் பிரான்சு நாட்டில் இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டம், நெடுங்கால வதிவிட அட்டை வேண்டுவோர் பிரெஞ்சு மொழித் தேர்ச்சியைச் சான்றினால் நிறுவவேண்டும் என்று விதித்திருக்கிறது. புதிதாகக் குடும்பம் நடத்தப் போகும் ஒருத்தியின் வாழ்வு, நாவும் செவியும் பெறும் பயிற்சியோடு பிணைக்கப்பட்டுவிட்டது.

ஒருநாள் மாலை அவள் ஒரு கொப்பியோடு வந்தாள். “ஐயா, இருநூறு சொல் பாடமாக்கிவிட்டேன். ஆனால் அவருக்குத் தொலைபேசியிலே சொன்னால் ஒன்றும் விளங்கவில்லை என்கிறார்” என்றாள். கொப்பியை விரித்தேன். அவள் போய்வந்த வகுப்பிலே பிரெஞ்சுச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதற் பக்கத்தில் ‘பேன் – பாண்’ என்றிருந்தது. நாலாம் பக்கத்தில் ‘பேன் – குளிப்பு’ என்றிருந்தது. “பிள்ளை, நீ பாண் கேட்கப் போய்ப் பேன் அல்லவா கேட்கிறாய்!” என்றேன். அவள் சிரித்தாள், பின்னர் அவளுடைய கண் கலங்கிற்று.

யான் பிரெஞ்சு அறிந்தவன் அல்லன். ஆயினும் எழுத்ததிகாரம் படிப்பிக்கும் ஒருவன் ஒலியைக் கண்டு அஞ்சி ஓடுதல் முறையாகாது. ஓர் இலக்கண நூலையும் ஒலிப்பதிவுகளையும் வைத்துக்கொண்டு, மூன்று திங்கள் மாலைதோறும் அவளோடு இருந்து யானும் மாணாக்கனானேன்.

முதற் கிழமையிலேயே ஒரு வியப்பு. சமையலறைக்குப் பிரெஞ்சிலே என்ன பெயர் என்று பார்த்தோம்: ‘குயிசீன்’. எங்கள் வீட்டுக் குசினி அங்கே உட்கார்ந்திருந்தது! அலுமாரி அங்கே ‘ஆர்முவார்’. தவறணை அங்கே ‘தவேர்ன்’. நத்தார் அங்கே ‘நொயெல்’. எங்கள் அயலிலுள்ள சிங்கள மக்கள் பாடசாலையை ‘இஸ்கோலய’ என்பர். மேற்சட்டையைக் ‘கமிசய’ என்பர். அவை அங்கே ‘எக்கோல்’, ‘ஷெமீஸ்’. பிரெஞ்சுக்காரர் எவரும் ஹெந்தளைக்கு வந்து இவற்றைக் கொடுத்துப் போகவில்லை. 1505இல் இலங்கைக் கரையை அடைந்து, 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்து நீங்கிய போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை இவை. அவர்தம் மொழியும் பிரெஞ்சும் இலத்தீன் என்னும் ஒரு தாய் வயிற்றுப் பெண்கள். ஆதலால் அக்காள் தந்த சொல்லை வைத்துத் தங்கையை அடையாளங் கண்டோம். ஒல்லாந்தர் தந்த ‘கந்தோர்’ என்ற சொல்லும், பிரெஞ்சிலிருந்து அவர் பெற்று நமக்குக் கைமாற்றிய ஒன்றே.

இவ்விடத்திற் போர்த்துக்கேயர் ஒருவர் பிரெஞ்சு கற்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். தமிழர் மலையாளம் கற்பது போன்றது அது. பாதிச் சொற்கள் முன்பே தெரிந்தவை. மற்றப் பாதியிற் பலவற்றை ஒலித்திரிபு காட்டிக்கொடுக்கும். தமிழிற் பால், பல், பத்து என்பன கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து ஆகுமன்றோ? அதுபோல இலத்தீனிற் சொன்முதலில் நின்ற ‘க்ல’, ‘ப்ல’ என்ற கூட்டொலிகள் போர்த்துக்கேயத்திற் பல சொற்களிலே சகர ஒலியாய்த் திரிந்தன. பிரெஞ்சில் அவை திரியாமல் நின்றன. தமிழ்நாட்டார் வழங்கும் ‘சாவி’ போர்த்துக்கேயச் சொல். அதன் பிரெஞ்சு உடன்பிறப்பு ‘க்ளே’. மழைக்குப் போர்த்துக்கேயத்தில் ‘ஷூவ’; பிரெஞ்சில் ‘ப்ளுயீ’. இத்திரிபை ஒருமுறை உணர்ந்தவன் பல சொற்களை மனப்பாடம் செய்யாமலே பெற்றுக்கொள்வான்.

ஆனால் உறவு உதவுவதுபோல ஏமாற்றவும் செய்யும். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர். நமக்கோ அது ஊரை அழிக்கும் பெருக்கு. போர்த்துக்கேயத்தில் ‘விளங்கிக்கொள்ளுதல்’ என்று பொருள்படும் ஒரு வினை, ஏறத்தாழ அதே உருவத்தோடு, பிரெஞ்சிற் ‘காதாற் கேட்டல்’ என்றே பெரும்பாலும் பொருள்படும். கேட்டதெல்லாம் விளங்கியதாகாது என்பதை வகுப்பறையில் நிற்கும் நாம் நன்கு அறிவோம். எங்கள் கடன்சொற்களும் எல்லா இடத்தும் கைகொடுக்கவில்லை. மேசைக்கும் யன்னலுக்கும் பிரெஞ்சிலே முற்றும் வேறான பெயர்கள். உறவை நம்பலாம், சோதியாமல் நம்பலாகாது.

சொல் இவ்வாறு வசப்பட்டது. ஒலியோ வசப்பட மறுத்தது. இங்கேதான் அந்தத் தமிழெழுத்துக் கொப்பியின் கேடு முழுவதும் வெளியாயிற்று. பிரெஞ்சிலே மீனுக்கும் நஞ்சுக்கும் உரிய சொற்கள் இடையில் வரும் ஓர் ஒலியால் மட்டுமே வேறுபடுவன. ஒன்றில் வல்லோசைச் சகரம். மற்றையதில் வண்டு இரைவதுபோல அதிரும் சகரம். கொப்பியில் இரண்டும் ‘புவாசோன்’. கடற்கரையிற் பிறந்த பெண் மீன் கேட்டு நஞ்சு வாங்கலாமா? ‘மேலே’, ‘கீழே’ என்ற இரண்டு எதிர்ச்சொற்களும் அங்கே இறுதி உயிரால் மட்டும் வேறுபடுவன. கொப்பியில் இரண்டும் ‘தெசூ’. தமிழெழுத்தின் குறையன்று இது. தமிழெழுத்துத் தமிழொலிக்கு அமைந்தது. பிறமொழிக் கூலிக்கு அமைந்ததன்று. (மேலே யானும் சில சொற்களைத் தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். தாளுக்கு வாயில்லை, பொறுத்தருள்க.)

‘மேலே’ என்பதன் இறுதியில் நிற்கும் அந்த உகரம் போன்ற உயிர் அவளுக்குப் பல நாள் வரவில்லை. கடைசியில் எனக்குப் பிறப்பியல் துணைக்கு வந்தது. இகரம் முதலியன நாவின் முன்விளிம்பு பல்லருகே பொருந்தப் பிறப்பன என்றும், உகரம் முதலியன இதழ் குவியப் பிறப்பன என்றும் தொல்காப்பியர் வகுத்தாரல்லவா? “பிள்ளை, நாவை இகரத்துக்கு வை. அதை அசையாதே. இப்பொழுது இதழை மட்டும் உகரத்துக்குக் குவி” என்றேன். இரண்டு மூன்று முறை ஊதினாள். நாலாம் முறை அந்த ஒலி பிறந்தது. போர்த்துக்கேயரும் இவ்வொலிக்கு இவ்வாறே இடர்ப்படுவர். அவர் மொழியிலும் இஃது இல்லை.

மூக்கொலி உயிர்களில் அவர் நம்மினும் பேறுபெற்றவர். அவை அவர் மொழியிலேயே உண்டு. அவர்தம் மூக்கொலியை எழுத இயலாமல் நம் முன்னோர் ணகரத்தை இட்டுப் ‘பாண்’ ஆக்கினர். பிரெஞ்சுப் பாணுக்கும் இறுதியில் மெய்யில்லை. உயிரே மூக்கின் வழி ஒலித்து அடங்கும். இதற்கு வழி என்ன? யாழ்ப்பாணப் பேச்சில் ‘வந்தான்’ என்பதன் னகரம் முழுமையாக ஒலிக்கும். தமிழ்நாட்டுப் பேச்சிலோ இறுதியில் நா அண்ணத்தைத் தொடுவதில்லை. ஆகாரமே மூக்கொலி பெற்று நின்றுவிடும். “திரைப்படத்தில் வருபவர்போல ‘வந்தான்’ என்று சொல்லிப் பார்” என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். எம்மொழியை எவ்வாறு ஒலிப்பது என்பதற்கு வேண்டிய உறுப்புகள் பல நம் வாயிலேயே இருக்கின்றன. அவற்றைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர்தாம் வேண்டும்.

இதற்கு மறுதலையான ஒரு வரலாறும் உண்டு. 1554ஆம் ஆண்டு லிசுபன் நகரில் ஒரு தமிழ் நூல் அச்சாயிற்று. அங்கே தமிழ் அச்செழுத்து இல்லாமையால் தமிழ் முழுவதும் உரோமன் எழுத்திலே அமைந்தது. அவ்வெழுத்திலே ல, ள, ழ என்னும் மூன்றும் தம் வேற்றுமையை எங்ஙனம் காத்துக்கொள்ளும்? முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் பயின்ற என்றிக்கே என்றிக்கசு அடிகளார் என்ற போர்த்துக்கேயரோ, தம்மவர் தமிழ் கற்பதற்கு இலக்கணம் எழுதினார். தமிழ் எழுத்தையே கற்றார். 1578இற் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்திலேயே வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அதனை நம் தனிநாயக அடிகளார் 1966இற் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். நம் மொழியை அதன் எழுத்தோடும் ஒலியோடும் கற்கவேண்டும் என்று அயலார் ஒருவர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே உழைத்திருக்க, நாம் அயலார் மொழியை நம் எழுத்துக்குள் அடைத்துக் குறுக்குவழி தேடுகின்றோம்.

ஆகவே என் கருத்து இது. பிறமொழி படிப்பிப்போர் அதனைத் தமிழெழுத்தில் எழுதிக் கொடுப்பதை நிறுத்துக. முதலில் செவி, அடுத்து வாய், அதன்பின் அம்மொழியின் எழுத்து. தமிழாசிரியராகிய நாமும் நம் பங்குக்குத் திருந்தவேண்டும். பிறப்பியலைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணாக்கர் பலர். றகரத்துக்கு நாவை எங்கே வைப்பது என்று கேட்டால் வாய் திறவார். மனப்பாடத்துக்கு மதிப்பெண் இட்டு மகிழ்ந்தவர்களில் யானும் ஒருவன். வாயைப் பற்றிய இலக்கணத்தை வாயாற் படிப்பிக்காமல் வேறு எதனாற் படிப்பிப்பது?

“பண்டிதர் தூய தமிழைக் கைவிட்டாரோ?” என்று அன்பர் சிலர் வினவக்கூடும். கைவிடவில்லை. கட்டுரையில் அடுக்களை என்றே எழுதுக. ஆனால் தாயின் வாயிற் கேட்ட சொல்லைக் குப்பை என்று எண்ணும்படி பிள்ளையைப் பழக்குதல் வேறு. அதன் பிறப்பை அறியச் செய்தல் வேறு. இயற்சொல், திரிசொல்லோடு திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வைத்தவர் தொல்காப்பியர். வந்த சொல்லை இன்னதென்று அறிந்து அமர்த்துவதே அவர் காட்டிய நெறி. எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையேனும் கேளாமற் கோடிட்ட என் சிவப்பு மை, அந்த நெறிக்கு ஒத்ததன்று.

சென்ற திங்கள் அவள் பயணமானாள். தேர்வு இனிமேல்தான். போய்ச் சேர்ந்த மறுநாள் தொலைபேசியில் அழைத்தாள். “ஐயா, தனியே கடைக்குப் போய்ப் பாண் கேட்டேன். பாணே தந்தார்கள்” என்றாள்.

நேற்று எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய கட்டுரையில், ‘அம்மா குசினியில் நின்றார்’ என்றொரு வாக்கியம் வந்தது. வழக்கம்போல ‘அடுக்களை’ என்று மேலே எழுதினேன். கோடிடவில்லை. பக்கத்தின் ஓரத்தில், ‘இச்சொல் எங்கிருந்து வந்தது? வீட்டிலே கேட்டு வருக’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.