அந்த நம்பர் யாருடையது?

"இந்தக் காலத்துல யாருப்பா ஈமெயிலை கொம்பியூட்டர்ல இறக்கி வாசிக்கிறது? போன்ல எல்லாம் இருக்கு, வாட்ஸ்அப் இருக்கு. நீங்க லினக்ஸையும் வச்சிக்கிட்டு சும்மா மினக்கெடுறீங்க."

கலேவெலயில் சனிக்கிழமைகளில் பழைய லெப்டொப்களுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வசனத்தை எத்தனை தடவை கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. சொல்கிறவர்கள் எதிரிகள் இல்லை. எங்கள் அண்ணன்மார், நானாமார், ஐ.டி. படித்துக் கொழும்பில் வேலை பார்க்கிறவர்கள். அதனால்தான் பதிலை ஆறுதலாக எழுதுகிறோம். கொஞ்சம் சூடாகவும்.

எங்கள் தோழி ஒருத்தியின் ராத்தா தன் பழைய லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். லினக்ஸ் ஏற்கெனவே இருந்தது. தண்டர்பேர்டும் இருந்தது. 2021இல் உறவுக்காரப் பையன் ஒருவன் போட்டுக்கொடுத்தது. "ஈமெயில் செத்துப் போச்சு" என்பதுதான் முறைப்பாடு. திறந்தால் பாஸ்வர்ட் கேட்கும். கொடுத்தால் மறுபடியும் கேட்கும். 2022 நடுப்பகுதிக்குப் பிறகு ஒரு கடிதமும் இறங்கவில்லை. பாஸ்வர்டைத் தானே மறந்துவிட்டதாக நினைத்து அவர் அந்த முகவரியையே கைவிட்டிருந்தார். ஆனால் அவர் போட்ட எல்லா வேலை விண்ணப்பங்களிலும் இருந்தது அந்த முகவரிதான்.

பாஸ்வர்டில் பிழையே இல்லை. பெயரையும் பாஸ்வர்டையும் மட்டும் கொடுத்து உள்ளே வரும் மின்னஞ்சல் செயலிகளுக்கான ஆதரவை 2022 மே 30 முதல் நிறுத்துவதாகக் கூகிள் அறிவித்தது. மைக்ரோசொஃப்ட் அதே வருசம் ஒக்டோபரில் நிறுவனக் கணக்குகளுக்கும், 2024 செப்டெம்பரில் தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கும் இதையே செய்தது. காரணம் பாதுகாப்பு. அதில் எங்களுக்கு வழக்கில்லை. இப்போது ஓஓத் 2 என்ற முறையில் நுழைய வேண்டும். அதாவது, தண்டர்பேர்ட் உங்கள் பாஸ்வர்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. சேவை வழங்குபவரின் பக்கத்தையே ஒரு ஜன்னலில் திறந்துகாட்டும், நீங்கள் அங்கே நுழைந்து அனுமதி கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. கணக்கு அமைப்புகளில் சேர்வர் பகுதிக்குப் போய், நுழையும் முறையைச் சாதாரண பாஸ்வர்டிலிருந்து ஓஓத் 2க்கு மாற்றுவது. இதே மாற்றத்தை வெளியே அனுப்பும் சேர்வருக்கும் தனியாகச் செய்ய வேண்டும். அது பட்டியலின் அடியில் ஒதுங்கிக் கிடக்கும். முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது அங்கேதான். "மெயில் வருது, ஆனா அனுப்ப ஏலாது" என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே பாருங்கள். பிறகு, சேமித்து வைத்த பழைய பாஸ்வர்டை அழிக்க வேண்டும். குக்கீகளைத் தண்டர்பேர்ட் ஏற்றுக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஜன்னல் ஒழுங்காக வேலை செய்யாது.

ராத்தாவின் லெப்டொப்பில் ஜன்னல் திறந்தது. பாஸ்வர்டை ஏற்றுக்கொண்டது. அடுத்ததாக, "உங்கள் தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்பியிருக்கிறோம்" என்றது. போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. அது ராத்தாவின் நம்பர் இல்லை. மச்சானின் நம்பரும் இல்லை. வீட்டில் யாருடையதுமில்லை.

யோசித்து யோசித்துக் கடைசியில்தான் பிடிபட்டது. பல வருசங்களுக்கு முன் அந்த முகவரியைத் திறந்து கொடுத்தது ஒரு கொமியூனிகேஷன் கடை. நம்பரும் கடையுடையது.

ராத்தாவுக்கு அதிர்ஷ்டம். கடைக்கார நானா அதே சிம்மைத்தான் இன்னும் வைத்திருந்தார். இலக்கத்தை உடனே சொன்னார், சிரித்துக்கொண்டே மன்னிப்பும் கேட்டார். கணக்கு திறந்தது. 2022க்குப் பிறகு வந்த அத்தனையும் இறங்கத் தொடங்கின. அதற்குள் ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதமும் இருந்தது. திகதி போய் ஒன்றரை வருசம். ராத்தா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு லெப்டொப்பை மூடினார். நாங்களும் ஒன்றும் பேசவில்லை.

அந்த நானா கட்டாருக்குப் போயிருந்தால்? சிம் வேறொருவர் கைக்குப் போயிருந்தால்? ஓ.எல். எழுதியதும் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் "ஒரு ஈமெயில் போட்டுத் தாங்க" என்று கேட்பது எங்கள் ஊர்களில் சாதாரண விசயம். பாஸ்வர்ட் துண்டுக் கடதாசியில். நம்பர் கடையுடையது. சில கடைகளில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வர்ட். வீட்டுச் சாவியை யாரும் இப்படிக் கொடுப்பார்களா? 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி இலத்திரனியல் பதிவுக்கு இந்த நாட்டில் சட்ட அங்கீகாரம் இருக்கிறது. மின்னஞ்சலும் அதற்குள் வருவதுதான். உறுதிப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைக்கிற குடும்பம், மின்னஞ்சலை மட்டும் கடைக்காரரின் சிம்மில் விட்டுவைக்கிறது.

"போன்ல எல்லாம் இருக்கு" என்கிற அண்ணன்மாரே, போனில் இருப்பது ஒரு ஜன்னல். சமீபத்திய கடிதங்கள் கொஞ்சம் அதில் தங்கும், மற்றதெல்லாம் வேறொருவருடைய கொம்பியூட்டரில். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, டவரும் சேர்ந்து படுத்ததே, அப்போது எந்த ஜன்னல் வழியாக எதைப் பார்த்தீர்கள்? லெப்டொப்பில் கடிதங்கள் இறங்கிக் கிடந்தால் பெட்டரி இருக்கும்வரை வாசிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம். சிக்னல் வந்ததும் அனுப்பலாம்.

"பெரிய இடத்துல இருக்கிற சேர்வர் பாதுகாப்பானது தானே" என்பது அடுத்த பதில். சரி, இதைவிடப் பெரிய இடம் எங்கே? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஜிஓவி டொட் எல்கே முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கும் மேல், ஓர் அரசாங்கத்தின் கடிதப் போக்குவரத்து! ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டு எக்ஸ்சேஞ்ச் பதிப்பு. புதுப்பிக்கக் காசில்லை என்று விளக்கம் வந்தது. காசில்லாதது உண்மையாகவே இருக்கட்டும். இன்னொரு இடத்தில் ஒரு பிரதி வைப்பதற்கு எவ்வளவு காசு வேண்டும்?

சிரிக்க வேண்டாம், நாங்களும் தொலைத்திருக்கிறோம். தலைகீழாக. எங்கள் குழுவின் முதல் முகவரியைத் தண்டர்பேர்டில் போடும்போது ஐமாப், பொப் என்ற இரண்டில் எது என்று கேட்டது. யோசிக்காமல் பொப் கொடுத்தோம். பொப் கணக்கில், சேர்வரிலுள்ள பிரதியை 14 நாட்களுக்கு மேல் வைத்திருக்காதே என்று ஒரு சின்னக் கட்டம் ஏற்கெனவே டிக் போட்டு நிற்கும். நாங்கள் அதை வாசிக்கவே இல்லை. கடிதங்கள் எங்கள் டிஸ்கில் மட்டும் மிஞ்சின. டிஸ்க் ஒரு நாள் டக் டக் என்றது. அவ்வளவுதான், இரண்டு வருசக் கட்டுரைகள், வாசகர் கடிதங்கள் எல்லாம் போய்விட்டன. கிளவுட்காரர்கள் சேர்வரை மட்டும் நம்பிக் கெட்டார்கள், நாங்கள் டிஸ்கை மட்டும் நம்பிக் கெட்டோம்.

ஐமாப் போட்டால் தீர்ந்ததா? அதுவுமில்லை. ஐமாப் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல வைத்திருக்கும். சேர்வரில் யாராவது பெட்டியைக் காலிபண்ணினால் அடுத்த முறை இணையும்போது உங்கள் பக்கமும் காலி. முக்கியமான கடிதங்களை "உள்ளூர் கோப்புறைகள்" என்ற இடத்துக்குப் பிரதி எடுங்கள். அதோடு, தண்டர்பேர்டின் முழுக் கோப்புறையையும் மாதம் ஒரு தடவை பென் டிரைவில் போடுங்கள். வீட்டுக் கோப்புறையில் கண்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அமத்தினால், புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகள் தெரியும். அதற்குள்தான் இருக்கிறது. உபுண்டு 24.04க்கு மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே தண்டர்பேர்ட் ஸ்னப் பொதியாக வருகிறது, கோப்புறையும் ஸ்னப் என்ற இடத்துக்குள் இருக்கும். பெட்டி வெறுமையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பழைய கோப்புறை அநேகமாகப் பழைய இடத்திலேயே பத்திரமாகக் கிடக்கும்.

ஆனால் எங்கள் ஊரில் இதையெல்லாம் யாரும் தேடுவதில்லை. எந்த எரருக்கும் ஒரே மருந்துதான்: ரீஇன்ஸ்டோல். காய்ச்சலுக்கும் பெனடோல், கால் முறிவுக்கும் பெனடோல். ஒரு தம்பி "சேர்ட்டிபிகேட் பிழை" என்று மூன்று தடவை முழு லினக்ஸையும் அழித்துப் போட்டிருந்தான். நாங்கள் பார்த்தபோது திகதி இரண்டு வருசம் பின்னால் நின்றது. போர்டில் இருக்கும் காசளவு பெட்டரி செத்துவிட்டது, தானாக நேரம் எடுக்கும் வசதியும் அணைந்திருந்தது. சேர்வரின் சான்றிதழ் புதியது, கொம்பியூட்டரோ இன்னும் அந்த நாளே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது. திகதியைத் திருத்தியதும் அஞ்சல் கொட்டியது. எரர் செய்தியில் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று எழுதியே இருந்தது. ஆங்கிலத்தில்.

கடைசிக் கோபம் எங்கள் மேலேயே. 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துப் பிழைத்தால் போட்டோ எடுத்துப் பகிர்கிறோம், சரிதான். டெபியன் லினக்ஸின் பழைய பதிப்புகளில் இந்த மின்னஞ்சல் செயலிக்கு "தமிழ் (இலங்கை)" என்றே தனி மொழிப்பொதி இருந்தது தெரியுமா? யாரோ உட்கார்ந்து, சம்பளமில்லாமல், எங்கள் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். இன்று தண்டர்பேர்டின் மொழிப்பட்டியலில் தமிழே இல்லை. அதே மொசில்லா குடும்பத்துப் பயர்பொக்ஸில் தமிழ் இருக்கிறது. இங்கே மந்திரியும் இல்லை, சுற்றுநிருபமும் இல்லை, குற்றம் சாட்ட ஒருவரும் இல்லை. வேலையைத் தொடர ஆளில்லாமல் போனது, அவ்வளவுதான். தமிழ் வாழ்க என்று ஸ்டேட்டஸ் போடுகிற விரல்களுக்கு, மொசில்லாவின் பொன்டூன் தளத்தில் ஒரு வரி தமிழாக்க எவ்வளவு நேரம் போகும்?

நாங்கள் முதலில் ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்கிறோம். ஆளை வதைக்கிற எரர் செய்திகள் மட்டும்: பாஸ்வர்ட் மறுக்கப்பட்டது, சேர்வர் பதில் தரவில்லை, சான்றிதழ் செல்லாது. பிரதேச செயலகப் படிவம் மாதிரி இல்லாமல், ராத்தாவுக்கு விளங்கிற தமிழில். நுழையும் முறைக்கு மட்டும் இன்னும் சொல் அமையவில்லை. "உறுதிப்படுத்தும் முறை" என்று ஒரு கட்சி, "ஆள் அடையாளம் காணும் முறை" என்று இன்னொரு கட்சி. போன சனிக்கிழமை சண்டை பிடித்தோம், தேத்தண்ணி ஆறிப்போனது. ராத்தாவிடம் கேட்டால், "நீ யாருன்னு கேக்குறது" என்று போட்டால் போதும் என்கிறார்.