பூஜ்யத்துக்கு எத்தனை பூஜ்யம்?

காலையில் நாளிதழைப் பிரித்தால் செய்திக்கு முன்னால் துண்டுப் பிரசுரம்தான் மடியில் விழுகிறது. இந்த வாரம் மட்டும் நாலைந்து. எல்லாவற்றிலும் ஒரே கொட்டை எழுத்து: 'இனி உங்கள் கரண்ட் பில் பூஜ்யம்!' மொட்டை மாடியில் ஒரு குடும்பம் சோலார் தகட்டின் பக்கத்தில் நின்று சூரியனைப் பார்த்துச் சிரிக்கிறது. (சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நின்று சிரிக்கும் குடும்பத்தை நாம் இதுவரை கண்டதில்லை.) '3 கிலோவாட் ஒரு லட்சம் மட்டுமே' என்கிறது விலை. அந்த 'மட்டுமே'வின் தலைமேல் கடுகளவு ஒரு நட்சத்திரம். நம் ஆத்திரமெல்லாம் அந்த நட்சத்திரத்தின்மேல்தான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். 'மானியம் கழித்த விலை. உயரமான ஸ்ட்ரக்சர் தனி. நெட் மீட்டர் கட்டணம் ஆக்சுவல்படி. பேட்டரி சேராது.' ஆக, ஒரு லட்சத்தில் எது சேரும் என்பதைச் சொல்லியிருந்தால் இடமாவது மிச்சமாகியிருக்கும்.

மானியக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கு 78,000. அதோடு சரி, 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். இந்தப் பணம் தகடு ஏறி, நெட் மீட்டர் மாட்டி, மின்வாரியம் பார்த்துச் சரி சொன்ன பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதுவரை முழுத் தொகையும் உங்கள் கையிலிருந்தோ கடனிலிருந்தோதான் போக வேண்டும். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்துக்கு அலைய வேண்டும். கம்பெனிக்காரரோ தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருவதுபோல 78,000-ஐ முன்கூட்டியே கழித்து விலை போடுகிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

இதைக்கூட மன்னித்துவிடலாம். 'பேட்டரி சேராது' என்ற இரண்டு சொல்லைக் கடைசி வரியில் ஒளித்துவைத்தார்களே, அதை மன்னிக்க மனம் வரவில்லை.

மானியத்தில் போடுவது பெரும்பாலும் 'ஆன் கிரிட்'. தகட்டில் விளையும் மின்சாரம் வீட்டுக்குப் போக மிச்சம் வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்வோம். நெட் மீட்டர் வரவு செலவைக் கழித்துக் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், தெருவில் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். நட்டநடு மத்தியானம், மாடியில் ஆறு தகடு கண்ணைப் பறிக்கிறது, கீழே ஃபேன் நிற்கிறது. பக்கத்து வீட்டில் பழைய இன்வெர்ட்டர் வைத்திருப்பவர் ஹாலில் காற்று வாங்குகிறார். லட்ச ரூபாய் போட்டவர் விசிறிமட்டையைத் தேடுகிறார். கம்பெனிக்குப் போன் போட்டால், "சார், அது ஆன் கிரிட் சார். அப்படித்தான் சார்" என்று பதில் வரும். இந்த 'சார்' எல்லாம் பணம் கட்டும் முன் எங்கே போயிருந்தது?

இப்படி நிற்பது கோளாறு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் சப்ளையை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் கம்பிக்குள் உங்கள் வீட்டுச் சோலார் மின்சாரம் பாய்ந்தால் அவர் கதி என்ன? அதற்காகத்தான் இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்கிறது. ஒரு இரும்புப் பெட்டிக்கு இருக்கும் இந்த அக்கறை மின்வாரியத்துக்கு இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒப்பந்தத் தொழிலாளி கையுறைகூட இல்லாமல் கம்பத்தில் ஏறிச் செத்துப்போனார் என்று செய்தி வராத மழைக்காலம் உண்டா? பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் உட்காராத தெருவா? வீட்டுக்கு வீடு சோலார் வந்தால், கம்பத்தில் ஏறுகிறவருக்குக் கவனிக்க வேண்டிய வாசல்களும் கூடும். அவருக்கு முறையான வேலை, பெல்ட், கையுறை, பயிற்சி. தகட்டுக்கு மானியம் கொடுக்கும் அரசுகள் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கினால் குடி முழுகிவிடாது. இதை முன்பும் எழுதியிருக்கிறோம். இனியும் எழுதுவோம்.

சரி, பேட்டரிக்கு வருவோம். கரண்ட் போனாலும் சோலார் ஓட வேண்டுமென்றால் சாதாரண இன்வெர்ட்டரை விட்டுவிட்டு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும், கூடவே பேட்டரி. வீட்டில் மூலையில் கிடக்கும் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியில் நிற்பது 1.8 யூனிட், ஆயுள் கெடாமல் எடுக்கலாம் என்றால் அதில் பாதிதான். நாலைந்து வருஷத்தில் மாற்ற வேண்டும். லித்தியம் என்றால் 5 யூனிட் பிடிப்பதற்கே லட்சம் ரூபாயை ஒட்டி வந்துவிடும், இன்வெர்ட்டர் தனி. அந்த 5 யூனிட்டில் ஒன்றரை டன் ஏ.சி. மூன்று நாலு மணி நேரம் ஓடினால் பெரிது. ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் மட்டும் என்றால் ஓர் இரவு தாராளமாகத் தாங்கும். இதில் வேடிக்கை, சூர்யா கர் மானியம் தகட்டின் கிலோவாட்டைத்தான் பார்க்கிறது, பேட்டரியைப் பார்ப்பதில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யைக் குறைத்தபோதும் தகட்டுக்கு 5 சதவீதம், பேட்டரிக்கு 18 சதவீதம். பகலில் விளைவதற்குச் சலுகை, ராத்திரிக்கு எடுத்துவைப்பதற்கு அபராதம்!

இன்னொன்றையும் துண்டுப் பிரசுரம் சொல்லாது. எல்லோருக்கும் இது லாபமில்லை. நம் ஊரில் 1 கிலோவாட் தகடு நல்ல நாளில் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டை ஒட்டி. இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் செலவழித்து ஐயாயிரம் ரூபாயை நெருங்கிக் கட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். 500 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் 8 ரூபாய் 55 காசு, 600-க்கு மேல் 9 ரூபாய் 65 காசு. சோலார் முதலில் வெட்டுவது இந்த விலை உயர்ந்த யூனிட்டைத்தான். நாலைந்து வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும். ஆனால் 300 யூனிட்டில் குடும்பம் நடத்துகிறவருக்கு 100 யூனிட் இலவசம் போக, பில் ஆயிரம் ரூபாயைத் தொடுவதில்லை. அவர் எதை மிச்சம் பிடிப்பார்? 1 கிலோவாட் போட்டால்கூட பணம் திரும்பப் பத்து வருஷம் ஆகும். அதற்குள் இன்வெர்ட்டர் ஒருமுறை மண்டையைப் போட்டால் கணக்கு தலைகீழ். அவர் வீட்டு வாசலிலும் இதே பிரசுரம்தான் விழுகிறது.

தம்பிகளா, நீங்கள் விற்பது நல்ல பொருள். தண்ணீர்த் தொட்டி நிழல் விழாத மாடி, மாதமிருமுறை தூசி துடைக்க ஆள், பில் கொழுத்த வீடு இருந்தால் இதைவிட நல்ல முதலீடு குறைவு. பொய் சொல்லாமலே விற்கலாம். மானியத்தை விடுவிக்கும் முன் அரசு ஒரே ஒரு தாளைக் கட்டாயமாக்கட்டும். தமிழில், ஒரே பக்கத்தில், எல்லாம் சேர்த்த முழு விலை, மானியம் எப்போது யார் கணக்கில் வரும், கரண்ட் போனால் ஓடுமா ஓடாதா, ஓட வைக்க இன்னும் எவ்வளவு, இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் வாரன்ட்டி எத்தனை வருஷம். கீழே விற்பவர் கையெழுத்து. நட்சத்திரம் கூடாது.

அரசாணை வரும்வரை வாசகர்களே கேட்டு வாங்குங்கள். எழுதித் தர ஒருவர் தயங்கினால் வாக்குவாதம் வேண்டாம், அடுத்தவரைக் கூப்பிடுங்கள். இப்போதுதான் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்களே.