தெர்மாகோல் வாங்கும் முன்

பள்ளியில் புராஜெக்ட் என்று சொல்லிவிட்டால் போதும், பெற்றோர் தெர்மாகோல் வாங்க ஓடுகிறார்கள். எரிமலை, காற்றாலை, சூரியக் குடும்பம் எல்லாம் அழகாகவே வருகின்றன. ஆனால் அவை தெரிந்த விடைக்குச் செய்த உருவங்கள். ஆய்வு என்பது விடை தெரியாத இடத்தில் தொடங்குவது.

1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு கேட்பது இந்த இரண்டாவது வகையைத்தான். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள், வழிகாட்டி ஆசிரியர் துணையோடு, தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை அளந்து பார்த்து எழுத வேண்டும். தமிழகத்தில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்து வந்திருக்கிறது.

பலரும் தடுக்கி விழுவது தலைப்பில். 'நீர் மாசுபாடு' என்பது பாடத்தின் பெயர். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை என்ன செய்வது? 'எங்கள் தெருவில் எந்தத் தண்ணீரில் சோப்பு குறைவாக நுரைக்கிறது?' என்று கேட்டால் உடனே வேலை இருக்கிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து திரிந்துவிடுவதால்தான் நுரை வருவதில்லை. உப்பு கூடக் கூட நுரைக்க அதிகச் சோப்பு வேண்டும். ஆகவே சோப்புக் கரைசலின் சொட்டுக் கணக்கில் உப்பை ஒப்பிடலாம்.

ஒரே மாதிரியான நான்கு மூடி போட்ட பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் 50 மில்லி: போர்வெல், கிணறு, தெருக்குழாய், நேரடியாகப் பாத்திரத்தில் பிடித்த மழைநீர். மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மற்றவற்றுக்கு அதுவே அளவுகோல். குளியல் சோப்பைச் சீவிக் கரைத்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கி, நுரை ஒரு நிமிடம் கலையாமல் நிற்கும்வரை எண்ண வேண்டும். சலவைத்தூள் உதவாது, உப்புத் தண்ணீரிலும் நுரைக்கத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது செய்து, வந்த எண்ணை வந்தபடியே, தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டும். எதிர்பார்த்ததற்கு மாறாகக் கிணறு போர்வெல்லை மிஞ்சினால் எண்ணைத் திருத்தக் கை பரபரக்கும் (பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு). கிணறு எவ்வளவு ஆழம், கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்று வீட்டுக்காரரிடம் விசாரிக்க வேண்டிய நேரம் அது.

அறிக்கையின் முடிவுரையில் இன்னொரு சறுக்கல் உண்டு. நுரை குறைந்தது என்பதை வைத்து 'குடிக்கத் தகாத நீர்' என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். ஃபுளோரைடையோ நைட்ரேட்டையோ கிருமியையோ இந்தச் சோதனை காட்டாது. அது தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்குத் தண்ணீரை அனுப்ப வேண்டும்.