'சர்வர் டவுன்' என்னும் சாக்கு

புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பாகூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகளோடு பஸ் பிடித்து வரும் தாய்க்குச் சேவை மையத்தில் கிடைக்கும் பதில்: "சர்வர் டவுன்மா, நாளைக்கு வாங்க."

சொன்னவர் எதையாவது பார்த்துவிட்டுச் சொன்னாரா? ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்தே அதற்கு முகவரி கிடைக்கவில்லை. 8.8.8.8 என்னும் வெளி முகவரிக்கு பிங் போகிறது, பெயர் கொடுத்தால் மட்டும் தளங்கள் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்து, மற்ற தளங்கள் திறந்து, அந்த ஒன்று மட்டும் மறுத்தால்தான் சர்வர்மேல் சந்தேகப்படவே நியாயம். ஐந்து நிமிட வேலை.

நடப்பது வேறு. நாலு வயரையும் பிடுங்கி மாற்றிச் செருகுகிறார்கள். ரவுட்டரை ரீசெட் அடிக்கிறார்கள். உள்ளே பதிந்திருந்த இணைப்புக் கடவுச்சொல்லும் அதோடு போகிறது. தப்பித்தவறி இணைப்பு வந்துவிட்டாலும் எதனால் வந்தது என்று எவருக்கும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைப் பார், எழுதி வை என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

கிராமத்தில் கணினி மையத்தை ஒழுங்காக நடத்துவது நமக்குப் புதிதல்ல. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக்கி ஏம்பலம், கீழூர் போன்ற கிராமங்களைக் கணினியால் இணைத்தது. தொலைபேசியும் வானொலி அலையும் கைகொடுத்தன. மின்வெட்டுக்குச் சூரிய மின்சாரம். மையங்களை நடத்தியவர்கள் பொறியாளர்கள் அல்ல, ஊர்த் தன்னார்வலர்கள். அவர்களில் பெண்கள் அதிகம். வீராம்பட்டினத்தில் அலை உயர முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படகு இறங்குமுன் அந்தத் தகவல் வந்தாக வேண்டும். 'நாளைக்கு வாங்க' அங்கே செல்லாது.

சோதிக்காமல் மக்களைத் திருப்பி அனுப்புவது கடமை தவறுதல்தான். அறியாமை என்று மன்னிக்க முடியாது. ஆனால் முதல் குற்றவாளி மேசையில் இருப்பவரல்ல. பயிற்சியும் கொடுக்காமல், ஒரு கோளாறுப் பதிவேடும் வைக்காமல், திறப்பு விழாவோடு கைகழுவும் துறைகளே. (ரிப்பன் வெட்ட மட்டும் ஆள் குறைவதே இல்லை.)

மையம் ஒவ்வொன்றிலும் அந்தப் பதிவேட்டை அரசு கட்டாயமாக்க வேண்டும். இணைப்பு இல்லையென்று அனுப்பப்படுபவரிடம், எந்தச் சோதனை எங்கே தவறியது என்று தேதியும் நேரமும் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். அந்தச் சீட்டோடு மறுநாள் வருபவரின் விண்ணப்பத்தைத் தாமதம் என்று தள்ளக் கூடாது.