பொன்னாடை போதாது, விலாசம் வேண்டும்

ஒக்டோபர் 9 உலக அஞ்சல் தினம். 1874இல் பேர்ண் நகரில் சர்வதேச அஞ்சல் ஒன்றியம் உருவானதை நினைவுகூரும் நாள். ஓய்வுபெற்ற தபால்காரர்களுக்கு அன்று பொன்னாடை போர்த்துகிறோம். வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்தவர்கள் என்று புகழ்கிறோம். அவர்கள் அதற்கு முழுத் தகுதி உடையவர்களே. ஆனால் மலையகத்தில் நின்று அப்புகழுரையைக் கேட்பவனுக்கு ஒரு கேள்வி எழும்: அந்தச் சைக்கிள் எந்த இடத்தில் நின்றது?

தெல்தெனியவையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு – கண்டி குதிரைத் தபால் வண்டி 1832இல் ஓடத் தொடங்கியதைப் பெருமையாகச் சொல்கிறோம். கண்டிக்கு அப்பால், தெல்தெனியவுக்கு மேலே ரங்கலைப் பக்கத்துத் தோட்டங்கள் போன்றவற்றின் கதை வேறு. அன்றைய தோட்டங்களுக்குத் தபாற்பையைச் சுமந்தவர் அரசாங்கத் தபால்காரர் அல்லர். தோட்டமே வைத்திருந்த 'தப்பால்காரர்'. துரையின் கடிதங்களையும் பங்களாச் சாமான்களையும் முதுகில் ஏற்றி மலையேறிய அந்தத் தொழிலாளியின் பெயர் எந்தப் பொன்னாடைப் பட்டியலிலும் இல்லை.

பை திறக்கப்பட்டது தோட்டக் கந்தோரில். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிக்கப்பட்டு, நீலகிரியில் குடியேறிய உறவுகள் எழுதிய கடிதங்களும் அங்கேதான் வந்தன. அவை லயத்துக்கு எப்போது போகும், யார் கையில் போகும் என்பது கந்தோரின் தயவு. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போயின. துரைமார் மாறினார்கள், பல தோட்டங்களில் கடிதம் போகும் வழி மாறவில்லை. நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் கிடைத்த இளைஞர்களின் முறைப்பாடு மலையகத்தில் மிகப் பழையது.

குற்றம் தபால்காரருடையதன்று. வீட்டு இலக்கமில்லாத லயத்தில், ஒரே பெயருடைய பலருள் உரியவரை அவர் எப்படித் தேடுவார்?

"கைத்தொலைபேசிக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்?" என்று கேட்போர் உண்டு. காதலர் எழுதுவதில்லைதான். ஆனால் நீதிமன்றமும் வங்கியும் இன்னமும் எழுதுகின்றன. தேர்தல் வந்தால் வாக்காளர் அட்டையும் தபாலிலேயே வருகிறது.

"தோட்டம் கம்பனியின் இடம், அங்கே அரசு எப்படி நுழைவது?" என்பது அடுத்த சாக்கு. பிரதேச சபைகள் தோட்டங்களில் பணி செய்யத் தடையாயிருந்த சட்டத்தைப் பாராளுமன்றம் 2018இல் திருத்தவில்லையா? சபைக்குத் திறந்த கதவு தபாலுக்கு மட்டும் ஏன் மூடியிருக்கவேண்டும்?

முடியாது என்று தெல்தெனியவில் நின்றுகொண்டு எவரும் சொல்லக்கூடாது. 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமே நீரில் மூழ்கியது. புதிய நகரம் மேட்டில் எழுந்தது, அங்குள்ளோர் விலாசமற்றவர்களாகிவிடவில்லை. ஒரு நகரத்தையே பெயர்த்து வைக்கத் தெரிந்த அரசுக்கு, லயத்துக் கதவில் ஓர் இலக்கம் எழுதத் தெரியாதா?

ஆகவே, தபால் சேவையைக் கொண்டாட விரும்புவோர் மூன்றைக் கேட்கட்டும்: ஒவ்வொரு லய வீட்டுக்கும் ஓர் இலக்கம், தோட்டப் பிரிவுகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்த தபால்காரர், பதிவுத் தபால் உரியவர் கையிலன்றி வேறெவர் கையிலும் கொடுபடாது என்ற உறுதி. தபால்காரரின் பணி வாசலில் முடிகிறது. வாசலை அடையவிடாமல் அவரைக் கந்தோரிலேயே நிறுத்திவிட்டு, அவர் தோளில் பொன்னாடை போடுவது அவருக்கும் மரியாதையன்று, கடிதத்துக்குக் காத்திருப்பவருக்கும் நீதியன்று.