குழாயைப் பிடிப்பவர் யாருடைய ஆள்?

மட்டக்களப்பு - கல்முனை வீதியில், களுவாஞ்சிகுடிக்கு வடக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் இருக்கின்றது செட்டிபாளையம். தோண்டினால் மணல், இன்னும் சற்றுத் தோண்டினால் தண்ணீர். அந்த மணலின் மீதுதான் இன்று மாடி வீடுகள் எழுகின்றன. 2013இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலம், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் போன்ற பெருவேலைகள் ஒருபுறமிருக்க, சாதாரண வீட்டு மேல்தளத்துக்கே கொங்கிறீற்றுப் பம்பியை வாடகைக்கு அமர்த்தும் காலம் இது.

தாச்சியைக் கைமாற்றி ஏணியில் ஏற்றிய வேலையை அது சில மணித்தியாலங்களில் முடித்துவிடுகின்றது. நல்லதுதான். ஆனால், துபாயின் புர்ஜ் கலீபாவில் 606 மீற்றர் உயரத்துக்குக் கொங்கிறீற்றைத் தள்ளியதும் இந்த இனத்து இயந்திரமே என்பதை நினைத்துப் பார்த்தால், அதனுள் அடங்கியிருக்கும் அழுத்தம் எத்தகையது என்பது விளங்கும்.

ஆபத்து பெரும்பாலும் நுனியில் இருக்கின்றது. பம்பத் தொடங்கும்போதும், தொட்டியில் கலவை குறையும்போதும், அடைப்பெடுத்து மீண்டும் இயக்கும்போதும் குழாய்க்குள் காற்று புகுந்து அமுங்கி நிற்கும். அது வெளியேறும் கணத்தில் நுனியிலுள்ள றப்பர்க் குழாய் வால் மிதிபட்ட பாம்பாய்ச் சுழன்றடிக்கும். அடிபட்டவர் தளத்திலிருந்தே தூக்கியெறியப்படலாம். நமது கூலியாட்களோ, குழாய் உதறினால் இன்னும் இறுக்கிப் பிடிக்க முனைகின்றார்கள். மனித இயல்பு அது. ஆனால் உயிரைப் பறிக்கும் இயல்பு. கலவை சீராக வரும்வரை குழாய் தானாகத் தொங்கவேண்டும். அது எட்டக்கூடிய தூரத்துக்குள் ஒருவரும் நிற்கலாகாது. அடைத்துக்கொண்டால், பம்பியைப் பின்னோக்கி இயக்கி அழுத்தத்தைத் தணிக்காமல் இணைப்பைக் கழற்றவே கூடாது.

மணற்பாங்கான ஊர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வாகனத்தின் தாங்குகால்கள் கிணற்றருகிலோ, மலக்குழியருகிலோ, நிரப்பிய மண்ணிலோ ஊன்றப்பட்டால், கை நீட்டிய நிலையில் முழு இயந்திரமும் சரியும். அகன்ற பலகைகள் கீழே வைக்கப்படவேண்டும். மேலே மின்கம்பி இருந்தாலோ, தொடாமலே கூட மின்சாரம் பாயும்.

இதெல்லாம் தெரிந்தவர்கள் இல்லையா? இருக்கின்றார்கள். இயந்திரத்தோடு வரும் இயக்குநருக்குத் தெரியும். ஆனால் குழாயைப் பிடிப்பவர் அன்று காலை மேசன் அழைத்துவந்த நாட்கூலி. வீட்டுக்காரர் மேசனைக் காட்டுவார். மேசன் பம்பிக்காரரைக் காட்டுவார். பம்பிக்காரரோ தாம் இயந்திரத்தை மட்டுமே வாடகைக்குக் கொடுத்ததாகச் சொல்வார். வாடகை நேரக் கணக்கில் ஓடுவதால் அவசரம் வேறு.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் கட்டட வேலைகளையும் தொடுகின்றது. வேலையாட்கள் நட்டஈட்டின் உச்சவரம்பு 2022இல் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. இறந்தபின் வரும் பணம் அது. அதையும் எவரிடம் கேட்பது என்று குடும்பம் அலையவேண்டும்.

என் கருத்து இதுதான்: பம்பியை வாடகைக்கு எடுப்பவர் குழாய் பிடிக்கப் பழகிய ஆளையும் அதே ஒப்பந்தத்தில் பெறவேண்டும். செட்டிபாளையத்திலும் அயலூர்களிலும் கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்குவது பிரதேச சபை. கொங்கிறீற்று இடும் நாளில் வேலையிடத்துக்குப் பொறுப்பானவர் யார் என்ற ஒரு வரியை அந்த அனுமதியில் சேர்த்து, அவரிடம் கையொப்பம் வாங்குவதற்குப் புதிய சட்டம் எதற்கு? சபையின் அடுத்த அமர்வில் ஓர் உறுப்பினர் இதைப் பிரேரணையாகக் கொண்டுவரலாம்.